தொலைபேசியில் அடைபட்ட துளை



கையடக்கத் தொலைபேசியின் விளிம்பில் வட்டமாக ஒரு சிறு துளை இருந்தது. ஹெட்போனின் முளையை அதிலே செருகினால் ஒலி காதுக்கு வந்துவிடும். 3.5 மில்லிமீற்றர் அளவான அத்துளை இன்று விலையுயர்ந்த தொலைபேசிகளிற் பெரும்பாலானவற்றில் இல்லை. அதனோடு நாம் இழந்தது யாது என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தொலைபேசி நிலையங்களில், ஒருவரின் இணைப்பை மற்றொருவரின் இணைப்போடு பொருத்துதற்குக் கையாண்ட செருகியே இதன் மூதாதை. அதன் பருமன் கால் அங்குலம். ட்ரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகள் தோன்றிய காலத்தில் அது சிறுத்தது. 1979இல் சோனி நிறுவனம் வெளியிட்ட வாக்மன் அதனை உலகெங்கும் பரப்பிற்று. எவர் செய்த ஹெட்போனும் எவர் செய்த பெட்டிக்கும் பொருந்தும். எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

2016 செப்டெம்பர் 7ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகரில், அப்பிள் நிறுவனம் ஐபோன் 7ஐ அத்துளையின்றி அறிமுகஞ் செய்தது. சீனத்து ஒப்போ நிறுவனம் 2012இலேயே இவ்வாறு செய்திருந்தது. எனினும் உலகம் திரும்பிப் பார்த்தது அப்பிள் செய்தபோதுதான். இதற்குக் காரணம் ஒரே சொல்லில் அடங்கும், அது துணிவு என்றார் அந்நிறுவனத்தின் பில் ஷில்லர். பலர் நகைத்தனர். 159 டொலர் விலையுள்ள கம்பியில்லாச் செவிக்கருவியும் அன்று அதே மேடையில் அறிமுகமாயிற்று என்பதையுஞ் சொல்லிவிடுதல் வேண்டும்.

உள்ளே இடம் போதாது, நீர் புகாமற் காக்க வேண்டும் என்ற காரணங்களுங் கூறப்பட்டன. முன்னதில் உண்மை உண்டு. பின்னது வலுவற்றது, அதே ஆண்டில் வந்த சாம்சங் எஸ்7, துளையையும் வைத்துக்கொண்டு ஐபோனிலும் மேலாக நீரைத் தாங்கிற்று. சாம்சங்கும் கூகிளும் முதலில் அப்பிளை எள்ளின. பின்னர் கூகிள் 2017இலும் சாம்சங் 2019இலும் தம் உயர்தரத் தொலைபேசிகளில் அத்துளையைத் தாமும் அடைத்தன.

கம்பியில்லாக் கருவியில் வசதி இல்லையென்று கூறேன். ஆனால் அதனுள் அடங்கிய சிறு மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் அதனை மாற்றுதல் எளிதன்று. கம்பி அறுந்த ஹெட்போனையோ ஈயம் வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

வானொலி நேயர்களுக்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. தொலைபேசியில் எப்.எம். ஒலிபரப்பைக் கேட்கையில், ஹெட்போனின் கம்பியே ஏரியலாகத் தொழிற்படுகின்றது. இணையம் வேண்டாம், கட்டணமும் இல்லை. 2017 செப்டெம்பரில் மரியா என்னும் புயல் புவேர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கியபோது, அங்கிருந்த கைத்தொலைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95 செயலற்றன. அவ்வேளையில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவின் தலைவர் அஜித் பாய், ஐபோன்களில் உள்ள வானொலியைத் திறந்துவிடுமாறு அப்பிளைக் கேட்டார். ஐபோன் 7இலும் 8இலும் வானொலிக்குரிய சில்லும் இல்லை, ஏரியலும் இல்லை என்பதே மறுமொழி. துளையிருந்த முன்னைய ஐபோன்களிலும் வானொலி கேட்க முடிந்ததில்லை. ஆகவே பழி முழுவதையும் துளையடைத்தலின்மேற் சுமத்துதல் நேர்மையன்று. ஆயின் வேறு நிறுவனங்களின் தொலைபேசிகள் பலவற்றிற் கேட்க முடிந்தது.

விலை குறைந்த தொலைபேசிகள் பலவற்றில் இன்றும் துளையும் உண்டு, வானொலியும் உண்டு. புதிதாக வாங்கச் செல்வோர் இரண்டையுங் கேட்டறிந்து, கடையிலேயே கம்பியைச் செருகி ஒரு நிலையத்தைப் பிடித்துப் பார்த்த பின்னர் காசைக் கொடுப்பது நன்று.