வாழைமர நோட்டு: பழவேற்காட்டுப் பெட்டிக்குள் ஒரு மலாயா கதை

போன மாசம் பழவேற்காடு போயிருந்தேன். ஏரிக்கரை மீனவக் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி, டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாங்க. பத்து டாலர். அதுல குலை தள்ளின வாழைமரம்.

"எங்கப்பா பினாங்குல உழைச்ச காசு தம்பி. ஒரு கட்டு கொண்டு வந்தாரு. மீதியெல்லாம் அடுப்புல போச்சு."

பழவேற்காட்டுக்கும் மலாயாவுக்கும் என்ன தொடர்பு? மலேசியாவுல கைலிக்கு இன்னிக்கும் 'கைன் பெலிகாட்'னுதான் பேர். பெலிகாட்னா புலிகாட், நம்ம பழவேற்காடு. துணி போன கடல்வழியில ஆட்களும் போனாங்க.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்தது. பிடிச்ச ஒவ்வொரு பகுதிக்கும் ஜப்பான் தனித்தனி நோட்டு அடிச்சது: பர்மாவுக்கு ரூபாய், பிலிப்பைன்ஸுக்கு பெசோ, மலாயாவுக்கு டாலர். மலாயா நோட்டுல அடையாளமா 'எம்' எழுத்து இருக்கும். கேட்டா பத்து டாலர் தருவோம்னு ஜப்பான் அரசு உறுதி சொல்ற வரியும் இருக்கும்.

ஆனா அந்த உறுதிக்குப் பின்னாடி தங்கமும் இல்லை, சரக்கும் இல்லை. போர்ச் செலவுக்குத் தேவைப்பட்டப்போ எல்லாம் அச்சடிச்சாங்க. முதல்ல பெரிய நோட்டே பத்து டாலர்தான். 1944ல நூறு வந்தது, 1945ல ஆயிரம். பல நோட்டுகள்ல வரிசை எண்கூட கிடையாது. வெளியிலிருந்து அரிசி வரத்து குறைஞ்சு, ஜனங்க மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டாங்க. காசு பெருகிச்சு, வாங்கச் சரக்கு இல்லை. விலை எகிறாம என்ன செய்யும்?

விவரமானவங்க பழைய பிரிட்டிஷ் நோட்டை ஒளிச்சு வெச்சாங்க. ஆனா அன்றாடம் உழைச்சவங்களுக்குக் கூலியே வாழைமர நோட்டுதானே? 1945 செப்டம்பர்ல பிரிட்டிஷ்காரங்க திரும்பி வந்தாங்க. பழைய நோட்டு செல்லும், ஜப்பான் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்க. மூணரை வருஷ உழைப்பு வெறுங்காகிதம் ஆச்சு.

2016 நவம்பர் 8 ராத்திரி நமக்கு ஞாபகம் இருக்கும். 500, 1000 செல்லாதுன்னாங்க. கஷ்டப்பட்டோம்தான். ஆனா வரிசையில நிக்கவாவது ஒரு பேங்க் இருந்தது. 1945ல அந்த நோட்டுக்கு மாற்று தர யாருமே இல்லை.

"அப்புறம் ஏன் பாட்டி இந்த ஒண்ணை மட்டும் வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"செல்லாததுன்னா என்ன தம்பி, அவரு உழைச்சது பொய்யா?"ன்னு சொல்லிட்டு, நோட்டை மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டாங்க.

உங்க வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கலாம். பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.