வாழையடி வாழை: ஒரு வாசத்தின் கதை



வாழைப்பழ மிட்டாய் ஒன்றைச் சுவைத்துவிட்டு, உடனே ஒரு வாழைப்பழத்தையும் உரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. மிட்டாயின் வாசம் மூக்கைத் துளைக்கும். பழத்தின் வாசம் அடக்கமாக இருக்கும். "எல்லாம் ரசாயனம், போலி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால், அந்த வாசத்திற்குப் பின்னால் 150 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் நமது தென்கிழக்காசிய மண்ணுக்கும் பங்கு உண்டு.

அந்த வாசத்தைத் தரும் பொருளின் பெயர் ஐசோஅமைல் அசிட்டேட். சாராயம் வடிக்கும்போது கெட்ட நாற்றமுள்ள எண்ணெய் போன்ற ஒரு கழிவு மிஞ்சும். அதிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு வகை ஆல்கஹாலோடு, வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்த வாசம் பிறக்கிறது. நாற்றத்திலிருந்து நறுமணம்!

1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இத்தகைய செயற்கைப் பழ வாசனைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அங்கே இவ்வகை வாசத்திற்கு என்ன பெயர் தெரியுமா? 'பேரிக்காய் எண்ணெய்'! அன்றைய ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் வாழைப்பழத்தைக் கண்டதே இல்லை. அமெரிக்காவிலும் அதே நிலைதான். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் ஒரு வாழைப்பழத்தைத் தகட்டுத்தாளில் சுற்றி, அதிசயப் பொருளாக 10 காசுக்கு விற்றார்களாம்.

இங்கே, பலர் நம்பும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். குரோ மிஷேல் என்ற வாழைப்பழத்தின் ருசியைப் பார்த்துத்தான் எசன்ஸ் செய்தார்கள், அந்தப் பழம் அழிந்துவிட்டதால்தான் இன்றைய பழத்தோடு எசன்ஸ் ஒத்துப்போவதில்லை என்பது அந்தக் கதை. இது முழு உண்மையல்ல. குரோ மிஷேல் வணிகம் பெருகுவதற்கு முன்பே இந்த வாசம் புட்டியில் அடைபட்டுவிட்டது. ஐசோஅமைல் அசிட்டேட் இன்று நாம் உண்ணும் பழத்திலும் இருக்கிறது. ஆனால், பழத்தில் அது வேறு பல வாசங்களோடு கலந்திருக்கும். மிட்டாயில் அது ஒன்று மட்டும் தனியாகக் குரல் எழுப்பும். குரோ மிஷேலில் அந்தக் குரல் சற்று ஓங்கி ஒலிப்பதாக ருசித்தவர்கள் சொல்வதுண்டு. கதை பரவியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, அந்தக் குரோ மிஷேல் எங்கிருந்து போனது? நம் தென்கிழக்காசியாவிலிருந்துதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. 1835இல் ஜமைக்காவை அடைந்தது. தடித்த தோல், நெருக்கமான சீப்புகள், நீண்ட கப்பல் பயணத்தைத் தாங்கும் உடல்வாகு. எனவே மத்திய அமெரிக்காவில் காடுகளை அழித்து, மைல் கணக்கில் இந்த ஒரே ரகத்தை நட்டார்கள்.

அங்கேதான் வினை தொடங்கியது. நம் திருமணங்களில் மணமக்களை "வாழையடி வாழையாக வாழ்க" என்று வாழ்த்துகிறோம். தாய் வாழை சாய்ந்தாலும் அடிக்கன்று தழைக்கும் என்பது அதன் பொருள். ஆனால், அந்தக் கன்று தாயின் அச்சு அசலான நகல். தாயைக் கொல்லும் நோய் கன்றையும் கொல்லும். பனாமா நோய் என்ற பூஞ்சை நோய் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்து, மரத்தையே வாடச் செய்தது. ஒரு முறை மண்ணில் புகுந்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு அது போகாது. தோட்டம் தோட்டமாகக் கைவிட்டார்கள். 1960களில் குரோ மிஷேல் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து விடைபெற்றது. அந்த நோயைத் தாங்கிய கெவண்டிஷ் அதன் இடத்தைப் பிடித்தது.

பாடம் கற்றார்களா? இல்லை. மீண்டும் ஒரே ரகம்தான். இப்போது டிஆர்4 என்ற புதிய வகைப் பூஞ்சை கெவண்டிஷையும் தாக்குகிறது. 1990களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிய தோட்டங்களை அது பாழாக்கியது. 2013இல் மொசாம்பிக், 2019இல் கொலம்பியா என்று கண்டம் விட்டுக் கண்டம் தாண்டியது.

இதில் ஒரு நம்பிக்கைக் கீற்றும் உண்டு. இந்த நோயை எதிர்க்கும் மரபணு மாற்றிய கெவண்டிஷ் ரகம் ஒன்றுக்கு 2024இல் ஆஸ்திரேலியா அனுமதி அளித்தது. அதில் சேர்த்த மரபணு எங்கிருந்து வந்தது? 'மலாக்கென்சிஸ்' என்ற காட்டு வாழையிலிருந்து. ஆம், நம் மலாக்காவின் பெயரைத் தாங்கிய வாழைதான்! கொட்டை நிறைந்த, யாரும் விரும்பி உண்ணாத ஒரு காட்டு வாழையிடம்தான் கோடிக்கணக்கில் விற்கும் பழம் உயிர்ப்பிச்சை கேட்டு நிற்கிறது.

நேயர்களே, குரோ மிஷேல் அடியோடு அழிந்துவிடவில்லை. நம் நாட்டில் அதற்கு 'பீசாங் எம்புன்' என்று பெயர். பீசாங் மாஸ், பெராங்கான், ரஸ்தாளி, தண்டோக் என்று இன்னும் எத்தனையோ ரகங்கள் நம்மிடம் இருக்கின்றன. விற்கும் பழத்தைத்தான் விவசாயி நடுவார். வாங்க ஆளில்லாத ரகம் கொல்லையிலிருந்தும் காணாமல் போகும்.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது, வழக்கமாக வாங்கும் சீப்போடு வேறொரு ரகத்திலும் ஒரு சீப்பு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். வாசத்தைப் புட்டியில் அடைத்து வைக்கலாம். வாழையை மண்ணில்தான் காப்பாற்ற முடியும்.