திட்டமும் தொழிலும்

(கைலாசபுரத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் கைத்தொழிலைப் பற்றிப் பேச முன்வந்தது சிலர்க்கு வியப்பாகலாம். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

நாம் கூடியிருக்கும் இக் கைலாசபுரம் ஒரு தொழிற்சாலையால் உண்டான ஊர். செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் உதவியால் திருவெறும்பூரில் நிறுவப்பெற்று, 1965-இல் வேலை தொடங்கிய கொதிகலன் தொழிற்சாலையோரின் குடியிருப்பு இது. அதனை அடுத்துத் துவாக்குடி முதலிய இடங்களில், இரும்பை அறுத்தும் வளைத்தும் பற்றவைத்தும் கொடுக்கும் சிறு பட்டறைகள் பல தோன்றிச் செழித்தன. 2012-ஆம் ஆண்டையடுத்து நாட்டில் புதிய அனல் மின்நிலைய ஆர்டர்கள் குறையவே, அவ்வொரு வேலையையே நம்பியிருந்த பட்டறைகள் பல கடனில் மூழ்கின.

இக்காலத்துப் புதுத்தொழில் தொடங்குவோர் திட்ட அறிக்கையின்றிப் பாங்கியின் வாயிலை மிதித்தலும் அரிது. 2008-இல் ஏற்பட்ட பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திற்கும், 2012-இல் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கிய நீட்ஸ் திட்டத்திற்கும் அது வேண்டும். ஆதலின் நம் வாலிபர்கள் அதனைக் கடன் பெறுதற்குரிய ஒரு காகிதமென்றே கருதுகின்றனர். இது பெரும் பிழை.

எம்பால் தமிழ் பயின்ற நம் சமூகத்து இளைஞர் ஒருவர் பட்டறை வைக்க விரும்பினார். கூலிக்கு எழுதுவார் ஒருவர், பிறர்க்கு எழுதிய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். இளைஞரின் தாயார் தம் நகைகளைக் கொடுத்தார். பிணையாக யாம் கையெழுத்திட்டோம். மாணவர் ஏட்டில் ஓரெழுத்துப் பிழையையும் பொறாத யாம், அவ்வறிக்கையின் ஒரு பக்கத்தையேனும் புரட்டிப் பார்த்தோமில்லை. மூன்றாம் ஆண்டில் வேலை நின்றது. அதன் பிறகே படித்தோம். ஐந்தாண்டும் குறைவின்றி வேலை கிடைக்குமென்று அதில் கண்டிருந்தது. கொள்வார் ஒருவரே, அவர் கைவிட்டால் என் செய்வதென்று ஒரு வரியும் இல்லை. பட்டறை போயிற்று, நகைகளும் மீளவில்லை. அக்கடனில் எம் பங்கை இன்றும் செலுத்தி வருகின்றோம். குற்றம் அவ்விளைஞருடையது மட்டுமன்று, எம்முடையதுமாம்.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வைத்தார். அரசர்க்கு உரைத்ததாயினும் இம்முறை தொழிலர்க்கும் பொருந்தும். வலியாவது, முதலும் கைத்திறனும். காலமாவது, தகடு வாங்கப் பணம் கொடுத்த நாளுக்கும் செய்த சரக்கிற்குப் பணம் வந்து சேரும் நாளுக்கும் இடைப்பட்ட கெடு. சிறுதொழிலர்க்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தல் வேண்டுமென 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. எனினும், 90 நாட்கள் தாழ்த்தால் ஆட்களுக்குக் கூலி கொடுப்பதெங்ஙனம் என்று முன்னரே கணக்கிடுதல் அறிவுடைமை. இடமாவது, சந்தை. முதலாவது கொள்வார் நீங்கினால் இரண்டாமவர் யார்? ரயில்வேயா, பாலம் கட்டுவோரா, காற்றாலைக்காரரா? இதற்கு விடையில்லாத திட்டம் திட்டமன்று.

எழுதிய அறிக்கையைப் பெட்டியில் பூட்டிவைத்தலும் தகாது. மாதந்தோறும் உண்மையான வரவு செலவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

தொழிற்சாலையில் கணக்கும் கொள்முதலும் பார்த்து ஓய்வுபெற்ற பெரியோர் இக்கூட்டத்திலேயே பலர் உள்ளீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அமர்ந்து, இளைஞர்கள் தங்கள் கையாலேயே எழுதிய திட்டத்தைக் கேள்வி கேட்டுத் திருத்துவீர்களாயின், அது பொருளுதவியினும் பெரிய உதவியாகும். தாய்மார்களே! நகையைக் கழற்றுமுன், திட்டத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதனைச் சொல்லவே யாம் வந்தோம்.