பழைய ஜீப்புக்குப் பட்டை கூட்டும் முன்

(மலைப்பகுதி உழவர் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியனுக்கு ஜீப்பைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் எண்ணலாம். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் வாழை, காப்பி, மிளகு பயிரிடுவோருக்கு விளைபொருள் சந்தைக்கு இறங்குவது ஜீப்பை நம்பித்தான். வழியில் வண்டி நின்றால் தாறு பழுத்து விலை போகாது. ஆகவே இதுவும் வேளாண்மைதான்.

நானும் மலைத் தோட்டக்காரர் மகன். 2014ஆம் ஆண்டில் என் தந்தையார் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் ஒன்றை வாங்கினார். தாறு ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்தது. பட்டறையில் சொல்லிப் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூட்டினோம். வண்டி நிமிர்ந்தது. நிமிர்ந்துவிட்டதே என்று முன்னிலும் அதிகம் ஏற்றினோம். எட்டாம் மாதம் மலை இறக்கத்தில் பின் ஆக்சில் தண்டு ஒடிந்து, சக்கரம் தனியே உருண்டது. வண்டி மேட்டுப் பக்கம் சாய்ந்ததால் உயிர் தப்பினோம். ஆனால், சுமையின் மேல் அமர்ந்து வந்த கூலியாள் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிழை எங்களுடையது.

பிழை எங்கே?

நெல்லுக்குத் தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டுச் சாம்பல் சத்தை மறந்தால், பயிர் செழித்துப் பின் சாய்ந்துவிடும். இங்கும் அதுதான் நடந்தது. பட்டை தாங்கும் சுமை பட்டையோடு நிற்பதில்லை. அது ஆக்சிலுக்கும் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் போய்ச் சேருகிறது.

பழைய ஜீப்புகள் பலவற்றில் பின் ஆக்சில் தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் தாங்குகிறது. தண்டு ஒடிந்தால் சக்கரம் கழன்றுவிடும். லாரியில் அப்படியன்று. அங்கே எடையை வெளிக்குழாய் தாங்குகிறது. உள்ளே உள்ள தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

1. வண்டி தாழ்வது ஏன் என்று முதலில் பாருங்கள். பட்டை தளர்ந்தோ ஒடிந்தோ இருந்தால், அதே அளவில், அதே எண்ணிக்கையில் புதுப்பட்டை போட்டாலே போதும்.

2. தடித்த பட்டை வேண்டாம். அதே நீள அகலத்தில் 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. போட்டால், அதன் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகிவிடும். வெறும் வண்டி குதிக்கும். சக்கரம் தரையில் படியாது.

3. வண்டியை உயர்த்தினால் பாரமும் மேலேறும். சரிவில் கவிழும் ஆபத்து கூடும். பிரேக் ரப்பர் குழாய் இழுபடும். புரொப்பெல்லர் தண்டின் கோணம் மாறி ஜாயிண்டு தேயும்.

4. கழற்றிய யு போல்ட்டை மீண்டும் பூட்டாதீர்கள். புதியதைப் போட்டு, சில நூறு கி.மீ. ஓடியபின் மறுபடி முறுக்குங்கள். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் இடம் பெயரும்.

5. பெரிய டயர் போட்டால் ஆக்சில் தண்டின் மீது முறுக்கு விசை கூடும்.

6. வேறு வண்டியின் ஆக்சிலைப் பொருத்துவோர் கிரவுன், பினியன் பற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். முன், பின் ஆக்சில்களின் பல் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால், நான்கு சக்கர இயக்கம் போட்டதும் ஒன்றையொன்று இழுத்து உடைத்துக்கொள்ளும். பொருந்திய ஆக்சில்களுக்கும் தார்ச்சாலையில் அந்த இயக்கம் ஆகாது.

7. ஆக்சிலின் மூச்சுத் துளையைச் சேறு அடைத்தால், எண்ணெய் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் கசியும். மழைக்காலத்தில் அடிக்கடி துடையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எனவே ஆக்சில் போன்றவற்றை மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜீப் இன்றும் ஓடுகிறது. கூட்டிய பட்டைகளைக் கழற்றிவிட்டோம். ஒரே நடையில் ஏற்றியதை இப்போது இரண்டு நடையாக இறக்குகிறோம். சுமையின் மேல் ஆளை ஏற்றுவதில்லை. டீசல் செலவு கூடத்தான் செய்கிறது. ஆனால், கால் முறிந்தவர் ஓராண்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?