நின்றபடி ஒரு தோணிப் பயணம்

வெனிஸ் என்று சொன்னதுமே கோண்டோலாவும் சான் மார்க்கோ சதுக்கமும் புறாக்களும் உங்கள் கண்முன் வந்திருக்கும். அவற்றை நீங்கள் எத்தனையோ படங்களில் பார்த்தாயிற்று. அதனால் இன்றைக்கு நாம் மீன் சந்தைக்குப் போவோம். காலையில் பை எடுத்துக்கொண்டு கிளம்புகிற அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து, நடந்தே போவோம்.

நான் இரண்டு வாரம் தங்கியிருந்தது கன்னரேஜோ என்ற பகுதியில். காரில் வருகிறவர்கள் ஊர் வாசலிலேயே, பியாட்சாலே ரோமா என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட வேண்டும். காயலின் மேல் 1933இல் திறந்த சாலைப் பாலம் அந்த இடத்தோடு முடிகிறது. அதற்கப்பால் பஸ் இல்லை, பைக் இல்லை, சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. தபால், குப்பை, காய்கறி, ஆம்புலன்ஸ் எல்லாமே படகில்தான். நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகள். அவற்றைத் தைத்து வைத்ததுபோல ஏறத்தாழ 400 பாலங்கள்.

பாலம் என்றால் படிக்கட்டு. அதை மறந்துவிடாதீர்கள். என் ஜன்னலுக்குக் கீழே ஒரு பாலம் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் தண்ணீர் பாட்டில் கட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவார். அந்த வண்டியின் முன்பக்கம் சின்னதாக இரண்டு சக்கரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை முதல் படியில் ஏற்றி, கைப்பிடியை அழுத்தி, பெரிய சக்கரத்தை மேலே வாங்கி, மூச்சு விட்டு, அடுத்த படி. இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு படியாக மெல்ல விடுவார். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். நாம் ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமே, அது எத்தனை படி ஏறி வந்திருக்கிறது என்று யோசிக்க வைத்த ஊர் அது.

சரி, சந்தைக்குப் போவோம். ஸ்த்ராடா நோவா என்ற அகலமான தெருவில் நடந்து, சாந்தா சோஃபியா என்ற சின்னத் திடலில் திரும்பினால் பெருங்கால்வாய். மீன் சந்தை நேர் எதிர்க்கரையில் தெரிகிறது. ஆனால் போவது எப்படி? கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய்க்கு மொத்தம் நான்கே பாலங்கள். அதற்காகத்தான் டிராகெட்டோ என்ற அக்கரைத் தோணி. கோண்டோலா மாதிரிதான், அலங்காரம் கிடையாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் துடுப்புப் போடுகிறார்கள். வெளியூர்க்காரருக்கு இரண்டு யூரோ. ஊர்க்காரர்களுக்கு இன்னும் குறைவு.

தோணியில் அவர்கள் உட்காருவதில்லை, நேயர்களே, நிற்கிறார்கள்! எனக்கு முன்னால் ஒரு பாட்டி. ஒரு கையில் சக்கரம் வைத்த சந்தைப் பை, இன்னொரு கையில் சுருட்டிய செய்தித்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பெரிய பயணிகள் படகு ஒன்று கடந்து போய் அலை வந்தபோது, முழங்காலை இலேசாக மடக்கி நிமிர்ந்தார், அவ்வளவுதான். நான் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன்.

சந்தையைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று பழைய பளிங்குப் பலகையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை மட்டுமாவது போய்ப் பாருங்கள். ஆனால் எனக்குப் பசி வந்துவிட்டது. சந்தைக்குப் பின்னால் பாக்கரோ என்கிற சின்னச் சின்னக் கடைகள் உண்டு. நின்றுகொண்டே ஒரு வாய் கடித்துவிட்டுப் போகிற இடம். சோளமாவைக் கிண்டி, ஆறவைத்து, வில்லை போட்டுச் சுட்டு, மேலே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக எதையோ தடவிக் கொடுத்தார் கடைக்காரர். வாயில் போட்டால் மீன்! என்னவென்று கேட்டேன். உள்ளே போய், விறகுக் கட்டை போன்ற ஒன்றைக் கொண்டுவந்து பலகையில் தட்டிக் காட்டினார். டொக், டொக் என்றது.

கருவாடு, நேயர்களே. ஆனால் உப்பே போடாத கருவாடு. நார்வேயின் வடபகுதியில் லொஃபோட்டன் தீவுகளில், காட் மீனை ஜோடி ஜோடியாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். அழுகவும் விடாத, உறையவும் விடாத குளிர்காற்று. மாதக்கணக்கில் தொங்கி மரமாகிவிடும். அதை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயை நூலாக விட்டுவிட்டு மரக்கரண்டியால் அடித்துக்கொண்டே இருந்தால் இந்த வெள்ளை விழுது. பக்கலா மந்தெகாத்தோ என்று பெயர்.

கடல் சூழ்ந்த ஊர், எதிரே மீன் சந்தை. இவர்களுக்கு எதற்கு நார்வே கருவாடு? அதற்கு அங்கே ஒரு கதை சொல்கிறார்கள்.

பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் பிரபு 1431 ஏப்ரலில் கிரீட் தீவிலிருந்து ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்குக் கப்பல் விட்டார். கப்பல் நிறைய மது, வாசனைச் சரக்கு. ஆள்கள் 68 பேர். அட்லாண்டிக்கில் புயல் பிடித்துக்கொண்டது. சுக்கான் போயிற்று, பாய்மரம் போயிற்று. டிசம்பரில் கப்பலைக் கைவிட்டு இரண்டு படகுகளில் இறங்கினார்கள். ஒரு படகு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. மற்றது வடக்கே வடக்கே அடித்துப்போய், 1432 ஜனவரியில் பனி மூடிய ஆளில்லாத் தீவு ஒன்றில் ஒதுங்கியது. பனியை உருக்கிக் குடித்தார்கள், பாறைச் சிப்பிகளைத் தின்றார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் பதினொரு பேர். பக்கத்தில், அதே லொஃபோட்டனில் உள்ள ரோஸ்ட் தீவின் மீனவர்கள் அவர்களைக் கண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று மாதத்துக்கு மேல் சோறு போட்டுத் தேற்றினார்கள்.

பிழைத்தவர்கள் ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்த மக்கள் எதையும் பூட்டி வைப்பதில்லை என்று வியந்திருக்கிறார்கள். குவெரினி அந்தக் கருவாட்டையும் விடவில்லை: காற்றில் காய்ந்து கட்டையாகும் மீன், கோடரியின் பின்புறத்தால் அடித்து நாராக்கி, வெண்ணெய் சேர்த்து உண்பார்கள் என்று எழுதினார். வெனிஸ்காரர்களுக்குக் கருவாட்டு ருசி அவரால் வந்தது என்பதுதான் கடைக்காரரின் கட்சி. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, உயிர் தப்பி வந்தவன் நாக்கில் ஒரு கருவாட்டு ருசியோடு ஏன் வந்தான் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே மறுபடி அதே கடைக்குப் போனேன். பேச்சில் நேரம் போய், துறைக்கு வந்தபோது தோணியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு நடக்க வேண்டும். நடந்தேன். ஒரு சந்து நேராகத் தண்ணீரில் போய் முடிந்தது, திரும்பினேன். வண்டிச் சத்தமே இல்லாத ஊர் அல்லவா, இருட்டியபின் காதுதான் வழி சொல்லும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் வருவது, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தெரிகிறது. சீராக வருகிற காலடி ஓர் இடத்தில் நிதானித்து, உயரும், பிறகு தாழும். அங்கே பாலம் இருக்கிறது. அப்படி யாரோ ஒருவருடைய செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே, என் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தேன்.