தீவன மூட்டையைச் சோதிக்க யார் காசு கொடுப்பது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களில் கறவை மாட்டுக் கடன் வாங்காத குழுவைப் பார்ப்பது அரிது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவது பால் காசில்தான். பால் காசில் பெரும்பகுதி மறுபடியும் தீவன மூட்டைக்கே போகுது.

போன மாதம் ஒரு உறுப்பினர் என்னிடம் வந்தார். "மூட்டை மாத்தினதிலிருந்து மாடு சரியா திங்கல, பாலும் குறைஞ்சிருச்சு. கடையில கேட்டா உங்க பராமரிப்பு சரியில்லைங்கிறாங்க. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு யாரைக் கேட்கிறது மேடம்?" என்றார். அன்றைக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்றேன்.

மிச்சிகனில் நடந்தது

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம். 1973ல் அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து தீவன ஆலைக்கு மூட்டைகள் போச்சு. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மெக்னீசியம் ஆக்சைடு போக வேண்டிய இடத்தில், பி.பி.பி. என்ற தீத்தடுப்பு ரசாயனம் தவறுதலாகப் போயிருச்சு. இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆலைக்காரர்கள் அதையே தீவனத்தில் கலந்து விற்றார்கள்.

மாடுகள் தீனி எடுக்கவில்லை. பால் குறைந்தது. கன்றுகள் செத்தன. விவசாயிகள் கேட்டபோது பலருக்கும் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "உங்க பராமரிப்பு சரியில்லை." நம்ம உறுப்பினருக்குச் சொன்ன அதே பதில்! கடைசியில் ரசாயனம் படித்திருந்த ஒரு பால் பண்ணைக்காரர், தன் சொந்தக் காசைச் செலவழித்து ஆய்வுக்கூடங்களுக்கு அலைந்து, 1974ல் உண்மையை வெளியே கொண்டுவந்தார். அதற்குள் பல மாதம் ஓடிருச்சு. 500க்கும் மேற்பட்ட பண்ணைகள் முடக்கப்பட்டன. சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொன்று புதைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாலையும் முட்டையையும் கறியையும் சாப்பிட்ட மக்களின் உடம்பிலும் அந்த ரசாயனம் சேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. படிப்பும் பணமும் இருந்ததால் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. இரண்டு மாடு வைத்திருக்கும் நம்மால் முடியுமா? அதனால்தான் சோதனை அரசாங்கத்தின் வேலையாக இருக்கணும்.

டன்னுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம்

சோதனைக்குப் பணம் வேணுமே? ஆய்வாளருக்குச் சம்பளம், ஆய்வுக்கூடம், வண்டி எல்லாம் செலவுதான். இதற்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு வழி நெடுங்காலமாக இருக்கு. தீவனம் விற்கும் கம்பெனி எத்தனை டன் விற்றது என்று கணக்குக் காட்டி, டன்னுக்கு இவ்வளவு என்று ஆய்வுக் கட்டணம் கட்டணும். பெரும்பாலும் டன்னுக்கு ஒரு டாலருக்கும் குறைவுதான். ஆய்வாளர் ஆலைக்கும் கடைக்கும் போய் மாதிரி எடுப்பார். சீட்டில் போட்டிருக்கும் புரதம் உள்ளே இருக்கா, நச்சு இருக்கா என்று பார்ப்பார்கள். தவறு இருந்தால் விற்பனையை நிறுத்த உத்தரவு போடுவார்கள். தன் மாட்டுக்குத் தானே அரைத்துக் கலக்கும் விவசாயி இந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை.

உங்களுக்கு இரண்டு சந்தேகம் வரும்.

முதலாவது: "அந்தக் காசையும் நம்ம தலையிலதானே கட்டுவாங்க?" கட்டுவார்கள், உண்மைதான். கணக்குப் போட்டுப் பாருங்க. டன்னுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் என்றால் 50 கிலோ மூட்டை 20. மூட்டைக்கு 1 ரூபாய். ஒரு நாள் பால் குறைந்தால் வரும் நஷ்டம் எவ்வளவு? நீங்களே சொல்லுங்க.

இரண்டாவது: "கம்பெனி காசில் சோதிச்சா கம்பெனிக்குச் சாதகமா எழுத மாட்டாங்களா?" இது நல்ல கேள்வி. நம்ம தணிக்கையை நினைத்துப் பாருங்க. தணிக்கைக் கட்டணத்தைக் குழுதான் கட்டுது. அதற்காகக் குழுத் தலைவி சொல்கிறபடி தணிக்கையாளர் எழுத முடியுமா? யார் காசு என்பதைவிட, அந்தக் காசு யார் கையில் போகுது, முடிவை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கட்டணம் தனிக் கணக்கில் இருக்கணும். எந்த மூட்டையைச் சோதிப்பது என்பதை ஆய்வாளர் முடிவு செய்யணும். முடிவு கம்பெனி பெயரோடு வெளியே வரணும்.

நம்ம ஊர் நிலவரம்

2018ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கப் பால் மாதிரிகளைச் சோதித்தது. பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் நச்சு, தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88ல் அளவுக்கு மேல் இருந்தது. கிட்டத்தட்ட ஆறில் ஒன்று! இந்த நச்சு பூஞ்சை பிடித்த தீவனம் வழியாகப் பாலுக்கு வருது. காய்ச்சினாலும் போகாது. நம்ம பிள்ளைகளும் அந்தப் பாலைத்தான் குடிக்கிறார்கள்.

கட்டணம் வாங்கிச் சோதிப்பது நம் நாட்டுக்கும் புதிதல்ல. மாட்டுத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052 என்ற தரம் இருக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கும் கம்பெனி இந்திய தர நிர்ணய அமைவனத்துக்குக் கட்டணம் கட்டுது. அமைவனம் மாதிரி எடுத்துச் சோதிக்குது. ஆனால் முத்திரை வாங்காத மூட்டைக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

இனி நாம் செய்ய வேண்டியவை

1. மூட்டை வாங்கும்போது ரசீது கேளுங்க. தைத்திருக்கும் சீட்டைத் தூக்கி எறியாதீங்க.

2. மூட்டை பிரித்ததும் அரைக் கிலோ எடுத்து, ஈரமில்லாத டப்பாவில் தேதி எழுதி வையுங்க. பிரச்சினை வந்தால் அதுதான் சாட்சி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கு.

3. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்க. பூஞ்சை பிடித்த புண்ணாக்கை "மாடுதானே" என்று போடாதீங்க.

4. எல்லாக் குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க: விற்கும் எல்லாத் தீவனத்துக்கும் கம்பெனியிடம் டன் கணக்கில் கட்டணம் வாங்கி அரசு சோதிக்கணும், முடிவை வெளியிடணும், விவசாயி கொண்டுவரும் மாதிரிக்குக் காசு வாங்கக்கூடாது. கிராம சபையிலும் ஆட்சியரின் குறைதீர் நாளிலும் இதை மனுவாகக் கொடுப்போம்.

ஒருத்தர் கேட்டால் "பராமரிப்பு சரியில்லை" என்பார்கள். கூட்டமைப்பாகச் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.