வீட்டுக்கு ஒரு சிக்கனக் கம்ப்யூட்டர்: பாகம் பாகமாகப் பார்த்து வாங்குவது எப்படி?

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம்.தான். அப்புறம் ஏன் இந்தத் தலைப்பில் பேச வந்தேன் என்று கேட்பீர்கள். நான் செய்த ஒரு தப்புதான் காரணம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மகள் பி.காம். படிக்கிறாள். டாலி பழக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டார். ஒரு கடையில் "ஐ5, புத்தம் புதுசு, முழு செட் 13,500 ரூபாய்" என்றார்கள். "ஐ5 இந்த விலைக்கா? தாராளமாக வாங்குங்கள்" என்றேன். நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது உள்ளே பட்டென்று ஒரு சத்தம். எஸ்.எம்.பி.எஸ். போனது, அதோடு மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் போயின. வாரண்டி கேட்கப் போனால் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அடுத்த மெஷினை நானே கூட நின்று, ஒவ்வொரு பாகமாக விசாரித்து வாங்கிக் கொடுத்தேன். அப்போது கற்றதை உங்களிடம் சொல்கிறேன்.

முதல் பாடம், ஐ3, ஐ5 என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். அந்த மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஐ5-2400. அது 2011-இல் வந்த ப்ராசசர். 2022-இல் வந்த ஐ3-12100 அதைவிடப் பல மடங்கு வேகம். பழைய ப்ராசசரைப் புதிய டப்பாவில் வைத்து விற்பது இன்றும் நடக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நெட் பேங்கிங் செய்யும் நம்மைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டர் பூட்டில்லாத பீரோ மாதிரி.

இரண்டாவது, கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஐ3-12100 என்பதில் திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஐ3-12100எஃப் என்றால் இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்று எஃப் வாங்கினால், தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்வரை திரையில் ஒன்றும் வராது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி என்பதில் கிராஃபிக்ஸ் உண்டு. ஆறு கோர், இன்னும் கொஞ்சம் வலு. டாலி, எக்செல், யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இவற்றுக்கு ஐ3-12100 தாராளம். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை.

மூன்றாவது, மதர்போர்டு. ஐ3-12100-க்கு எச்610 வகை போதும். டி.டி.ஆர்.4 ராம் போடுவதா, டி.டி.ஆர்.5 போடுவதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கான இடத்தில் மற்றது நுழையாது. வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் அதன் வயர் எந்த வகை என்று பாருங்கள். எச்610 போர்டுகள் பலவற்றில் பழைய வி.ஜி.ஏ.வும் உண்டு, எச்.டி.எம்.ஐ.யும் உண்டு. அந்தப் பெண்ணின் பழைய மானிட்டரை அப்படித்தான் பயன்படுத்திக்கொண்டோம். அதிலேயே ஒரு தொகை மிச்சம்.

நான்காவது, ராம். 2025 கடைசியிலிருந்து இதன் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காகச் சிப் கம்பெனிகள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் ராம் வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே முதலில் 8 ஜி.பி. ஒரு குச்சி போடுங்கள், இன்னொரு இடத்தைக் காலியாக விடுங்கள். கை வசதிப்படும்போது அதே மாதிரி இன்னொன்று போட்டால், இரண்டும் சேர்ந்து வேலை செய்து வேகமும் கூடும்.

ஐந்தாவது, ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. போடுங்கள். 500 ஜி.பி. போதும். கம்ப்யூட்டர் வேகமாகத் திறப்பதற்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. உங்கள் பழைய மெஷின் 8-ஆம் தலைமுறையாக இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம். ஒரு எஸ்.எஸ்.டி.யும் கொஞ்சம் ராமும் சேருங்கள், இன்னும் சில வருடம் ஓடும்.

ஆறாவதுதான் என்னைச் சுட்ட பாடம், எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசமாக வருவதை வாங்காதீர்கள். நான் சொன்ன மெஷின் மொத்தமாகவே 150 வாட்டுக்குள்தான் இழுக்கும். ஆனாலும் 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் ஒன்று போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய் மற்ற எல்லா பாகத்துக்கும் எமன். கூடவே 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று. நம் பகுதியில் கரண்ட் போய் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. யு.பி.எஸ். சில நிமிடம்தான் தாங்கும், ஆனால் வேலையைச் சேமித்து மெஷினை முறையாக நிறுத்த அது போதும். லாரித் தூசி அதிகமுள்ள ஊர் நம்முடையது. கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

இனி எங்கே வாங்குவது? பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் செய்கிறார்கள், ஆனால் பாகம் வாங்க நாம் அண்ணா சாலை பக்கம் ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. போங்கள், ஆனால் ஒரே கடையில் முடிவு செய்யாதீர்கள். மூன்று கடையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி, மாடல் நம்பரோடு ஒப்பிடுங்கள். ப்ராசசர் சீல் வைத்த டப்பாவில் வருகிறதா என்று பாருங்கள். டப்பா என்றால் கம்பெனியின் 3 வருட வாரண்டி உண்டு, உதிரியாகத் தரும் 'ட்ரே' ப்ராசசருக்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. "பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகராது. நீங்களும் அப்படியே இருங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பழைய மெஷினைப் போடும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான், பாஸ்புக் நகல் எல்லாம் அதில் இருக்கும். நாம் டெலிட் செய்தாலும் தெரிந்தவர்கள் திரும்ப எடுத்துவிடுவார்கள்.

அந்தப் பெண் இப்போது புது மெஷினில் டாலி பழகுகிறாள். ஜி.எஸ்.டி. பதிவில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருகிறாள். எனக்குத் தெரியாததைப் பல சமயம் அவளே சொல்லித் தருகிறாள்.

நீங்கள் யாராவது வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் கொட்டேஷனோடு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். இந்த முறை பார்க்காமல் "தாராளமாக வாங்குங்கள்" என்று சொல்ல மாட்டேன்.